நடு ஏரியில் ஒன்றுமில்லை

1. நாய் எங்கள் இலாகா அல்ல

நாய் செத்தால் எங்களுக்குப் போன் வரக் கூடாது. நாய் கால்நடைத் துறை. மீன் செத்தால் மீன் துறை. ஏரிக்குள் வீடு முளைத்தால் ரெவின்யூ. மனிதர்கள் குடிக்கிற, குளிக்கிற தண்ணீர் மட்டும்தான் எங்கள் லேப். பெங்களூரில் தண்ணீர்ப் பரிசோதனை லேபில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இந்த எல்லைக்கோட்டை நான் உயிரைப் போலக் காத்து வந்தேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் வேலை இருக்கும். இந்தப் பக்கம் டீ இருக்கும்.

கெமிஸ்ட்கள் நிறைந்த அந்த லேபில் நான் ஒருவன்தான் பயாலஜிஸ்ட். தண்ணீரில் என்ன பாசி இருக்கிறது என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்வது என் வேலை. அதனால் எல்லாரும் என்னைப் ‘பாசி’ என்றே கூப்பிட்டார்கள். முதலில் கோபம் வந்தது. பிறகு போனை எடுத்து நானே “பாசி பேசறேன்” என்று சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டது.

தொண்ணூறுகளின் பிற்பகுதி, கோடைக்காலம். நான் அப்படிப் போனை எடுத்தபோது மறுமுனையில் இருந்தவர் டாக்டர் சோமசேகர். ஆனேக்கல் பக்கத்துக் கால்நடை மருத்துவர். எதற்கும் பதறாத மனிதர்.

“ஜெயராஜ், இங்க ஒரு ஏரிக்கரையில மூணு நாய் செத்திருக்கு. இன்னிக்குக் காலையில ஒரு கன்னுக்குட்டியும் போயிடுச்சு. மூச்சு நின்னு செத்திருக்கு. ஏரியில யாரோ மருந்து கலந்துட்டாங்கன்னு ஊரே கத்துது.”

“மருந்துன்னா?”

“வயலுக்கு அடிக்கிற மருந்து. சீக்கிரம் வாப்பா. இங்க மனுஷங்க மூஞ்சி சரியில்லை.”

எங்கள் தலைமை கெமிஸ்ட் நாகரத்னா மேடம். மைசூர்க்காரர். கன்னட வாசனையோடு தமிழ் பேசுவார். விஷயத்தைச் சொன்னேன்.

“ஏனப்பா ஜெயராஜ், நாய்க்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?”

“மேடம், ஊர் மாடெல்லாம் அந்த ஏரியிலதான் தண்ணி குடிக்குது. ஜனங்களும் அங்கதான் குளிக்கறாங்க.”

“சரி, ஹோகு, போயிட்டு வா. நடு ஏரியில எடு. கரையோரக் கசடை அள்ளிட்டு வந்து என் மெஷினைக் கெடுத்தே, உன்னையே ஃபில்டர் பண்ணிடுவேன்.”

இது மேடத்தின் தனிக் கோபம் அல்ல. எங்கள் தொழிலின் வழக்கமே அதுதான். பரிசலில் நடு ஏரிக்குப் போக வேண்டும். மேல் மட்டத்துக்கு ஒரு அடி கீழே பாட்டிலை அமிழ்த்த வேண்டும். அடிமண் கலங்கக் கூடாது. கரையை விட்டுத் தள்ளியே எடுக்க வேண்டும். ஏரியின் பொதுவான குணம் அப்போதுதான் தெரியும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நானும் பலருக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

2. கயிறு கட்டிய பரிசல்

ஜீப்பை ஓட்டியவர் அஸ்லம். சிவாஜிநகர்க்காரர். நான் ஏரி ஏரியாகச் சுற்றுகிறவன், ஆனால் நீச்சல் தெரியாது என்பது அவருக்கு வாழ்நாள் முழுக்கச் சிரிக்கப் போதுமான நகைச்சுவை.

ஏரியைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. தண்ணீர் கண்ணாடி. கரையோரத்தில் கூழாங்கல்லை எண்ணலாம். நகரத்துக்குள் பட்டாணிச் சூப் மாதிரி இருக்கும் ஏரிகளைப் பார்த்துப் பார்த்து, பச்சை என்றால் பயம், தெளிவு என்றால் நல்லது என்று என் கண் பழகியிருந்தது.

கரையில் நின்றிருந்த கூட்டத்தின் கண்கள்தான் தெளிவாக இல்லை. அந்த ஊரில் ஒரே வாக்கியத்தில் கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் ஓடும். நான் தமிழாகவே எழுதிவிடுகிறேன்.

கன்றைப் பறிகொடுத்தவர் நாராயண ரெட்டி. ஊரில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. அவர் கைகாட்டிய ஆள் மாதப்பன். தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து, அந்த ஏரியில் மீன் பிடிக்கக் குத்தகை எடுத்தவன். கரையிலேயே குடிசை. அவன் காயப்போட்ட மீனை ஊர் நாய்கள் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருந்திருக்கின்றன. ஒரு நாள் டீக்கடையில் எல்லார் முன்னாலும் அவன் சொல்லியிருக்கிறான்: “இதுங்களுக்கு ஒருநா மருந்து வெச்சுடறேன் பாரு.”

சொன்ன வாரமே நாய்கள் செத்தன.

“ஏரியிலதான் கலந்திருக்கான் சார். டெஸ்ட் பண்ணுங்க” என்றார் ரெட்டி.

“நடு ஏரிக்குப் போக பரிசல் வேணுமே.”

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. ஊரில் பரிசல் வைத்திருந்தவன் மாதப்பன் ஒருவன்தான்.

கடைசியில் பரிசலில் ஒரு நீளக் கயிற்றைக் கட்டினார்கள். மறுமுனையைக் கரையில் நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். மாதப்பன் தப்பி அக்கரைக்குப் போய்விடாமல் இருக்க ஏற்பாடு. எந்த நிமிஷத்திலும் அவர்கள் வெடுக்கென்று இழுக்கலாம். அப்படி இழுத்தால் நீச்சல் தெரிந்த மாதப்பன் பிழைப்பான், தெரியாத நான் சாம்பிளோடு சாம்பிளாக அடியில் கிடப்பேன். பரிசலின் விளிம்பை நான் பிடித்த பிடியில் அதன் மூங்கில் முனகியது.

கரையிலிருந்து விலகும்போது கீழே பார்த்தேன். அடித்தரை மணலாகத் தெரியவில்லை. கருமையாக, வழவழவென்று, யாரோ கம்பளம் விரித்தது போல இருந்தது. துடுப்பு அதில் பட்டதும் ஒரு துண்டு பிய்ந்து ஒட்டிக்கொண்டது. துடுப்பைத் தண்ணீரில் அலசச் சொன்னேன். சாம்பிளில் அடிக்கசடு சேர்ந்தால் மேடம் என்னை வடிகட்டிவிடுவாரே!

நடு ஏரியில் மாதப்பன் குரலைத் தாழ்த்திப் பேசினான்.

“சார், வாய் இருக்கு, பேசிட்டேன். மருந்து கலந்தா என் மீனுதானே சார் மொதல்ல சாவும்? ஒரு மீனாச்சும் மெதக்குதா, நீங்களே பாருங்க.”

அது எனக்கும் தோன்றியது. ஆனாலும் ‘லேபில் பார்த்துச் சொல்கிறோம்’ என்ற அரசாங்க மந்திரத்தைத்தான் உச்சரித்தேன்.

கரைக்கு வந்ததும் அவன் மனைவி லட்சுமி எங்கள் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதன் மூடிமேல் கை வைத்தாள். “இதுக்குள்ள இருக்கறதுதான் சார் இனி எங்க பொழப்பு, உசுரு, எல்லாம்.”

3. நல்ல ரிப்போர்ட்டின் பலன்

பூச்சிமருந்து இல்லை. உலோகம் இல்லை. உப்பு, காரம் எல்லாம் கச்சிதம். மைக்ராஸ்கோப்பில் நானும் பார்த்தேன். பெயருக்கு நாலு பாசி. இவ்வளவு சுத்தமான ஏரித் தண்ணீரை அந்த வருடத்தில் பார்க்கவில்லை என்று மேடம் சந்தோஷப்பட்டார். ‘பாதகமான எதுவும் இல்லை’ என்று டாக்டர் சோமசேகருக்கு உடனே போன் செய்தேன். ஒரு அப்பாவியைக் காப்பாற்றிவிட்டோம் என்று கேன்டீனில் எனக்கு நானே ஒரு வடை வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் அவரிடமிருந்து போன்.

“ஜெயராஜ், உன் ரிப்போர்ட்டைக் கேட்டதும் மாதப்பனைப் பிடிச்சு பால் சொசைட்டி ரூம்ல அடைச்சுட்டாங்கப்பா.”

“ஏன் டாக்டர்? தண்ணியில ஒண்ணும் இல்லைன்னுதானே சொன்னோம்!”

“அதனாலதான். தண்ணியில இல்லைன்னா கையால வெச்சிருக்கான்னு அர்த்தமாம். நாய்க்குக் கறியில, கன்னுக்குத் தவிட்டுல. போலீஸ் வந்தா காசு குடுத்து வெளிய வந்துடுவான், நாமளே பாத்துக்கலாம்னு நாலு பேரு பேசறாங்க. எனக்கே பயமா இருக்குப்பா.”

எதற்கும் பதறாத மனிதர் என்று சொன்னேனே, அவர்தான் இப்படிப் பேசினார். விஷம் இருக்கிறது என்று எழுதியிருந்தாலும் அவனைத்தான் பிடித்திருப்பார்கள். இல்லை என்று எழுதியதற்கும் அவனைத்தான் பிடித்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த ஆளுக்குக் கதவு இல்லை.

“கன்னோட வயித்துல என்ன இருந்தது டாக்டர்?”

“புல்லு. அப்புறம் ஏதோ கறுப்பா, நார் நாரா. சாக்கு மாதிரி.”

துடுப்பில் ஒட்டியிருந்த அந்தத் துண்டு எனக்கு நினைவு வந்தது. ஏரித்தரையில் படரும் சில நீலப்பச்சைப் பாசிகளுக்கு நரம்பை முடக்கும் நஞ்சு உண்டு என்று எப்போதோ படித்ததும் நினைவு வந்தது. படித்தபோது, இதெல்லாம் குளிர்தேசத்து நாய்களின் கவலை என்று பக்கத்தைத் திருப்பியிருந்தேன்.

4. டைகர்

நானும் அஸ்லமும் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். காற்று ஊர்ப் பக்கமாக வீசிக்கொண்டிருந்தது. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கரை முழுக்க முதல் நாள் இல்லாத காட்சி: கறுப்பும் பழுப்புமாகக் கிழிந்த துண்டுகள், ஈரச் சாக்கைக் கிழித்துப் போட்டது போல. மேலே ஒதுங்கியவை வெயிலில் அப்பளமாகச் சுருண்டிருந்தன. புதுப் பானையில் தண்ணீர் ஊற்றினால் வருமே, அந்த மண் வாடை. அதற்குள் லேசாக மீன் கவிச்சியும்.

நான் நின்றிருக்கும்போதே தண்ணீருக்கடியிலிருந்து ஒரு துண்டு எண்ணெயில் பூரி உப்புவது போல உப்பி, மெல்ல மேலே வந்தது. அடியில் விரிந்து கிடக்கும் பாசி வெயிலில் காற்றை வெளிவிடும். அந்தக் குமிழிகள் அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டு துண்டைத் தரையிலிருந்து பிய்த்துத் தூக்கிவிடும். காற்று அதைக் கரைக்குத் தள்ளும். தண்ணீர் தெளிவாக இருந்தால்தான் வெயில் தரைவரை போகும். தரைவரை வெயில் போனால்தான் இது இந்த அளவுக்குப் படரும். முதல் நாள் எதைப் பார்த்து நிம்மதியடைந்தேனோ, அதுதான் இதற்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்த நாயைக் கவனித்தேன். செவலை நாய். கரையில் உட்கார்ந்து ஒரு கறுப்புத் துண்டைச் சப்புக்கொட்டித் தின்றுகொண்டிருந்தது.

“ச்சீ! போ!”

போகவில்லை. நான் ஓடிப்போய் அதன் வாயில் தொங்கிய முனையைப் பிடித்து இழுத்தேன். நாய் மறுபக்கம் இழுத்தது.

“நக்கோ சாப், வேணாம்! கடிச்சுடும்!” என்று அஸ்லம் கத்தினார்.

துண்டு கையோடு வந்துவிட்டது. வெற்றி வீரனாக நிமிர்ந்து, நெற்றி, மூக்கு, வாய் எல்லாவற்றிலும் வழிந்த வியர்வையை அதே கையால் துடைத்துக்கொண்டேன். உதட்டில் மண் ருசி.

நாய் நாலடி நடந்தது. பின்னங்கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. கள் குடித்தவன் போல ஆடி உட்கார்ந்தது. வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கியது. பிறகு சாய்ந்தது. உடம்பு முழுக்க முறுக்கேறிக் கால்கள் காற்றில் ஓடின. கண் மட்டும் தெளிவாக என்னையே பார்த்தது. நாக்கு நீலமாகிக்கொண்டே வந்தது. அஸ்லம் ஜீப்பிலிருந்து தண்ணீர் எடுத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

“டைகர்! ஐயோ டைகர்!” டீக்கடை அம்மா ஓடி வந்தார். என் கையைப் பார்த்தார். நாயின் வாயைப் பார்த்தார். “இவருதான்! இவருதான் நாய் வாயில என்னமோ வெச்சாரு! நான் கண்ணால பாத்தேன்!”

ஊரிலிருந்து ஆட்கள் ஓடி வருவது தெரிந்தது. பால் சொசைட்டியில் இன்னொரு ரூம் இருக்குமா, இல்லை மாதப்பனோடு பங்கு போட வேண்டுமா என்ற எண்ணம்தான் எனக்கு முதலில் வந்தது. அவ்வளவு தைரியசாலி நான்.

ரெட்டி மூச்சிரைக்க வந்து நின்றார். “சார், நாய் வாயில கை விட்டீங்களா?”

“வைக்கலைங்க, எடுத்தேன்! இதோ, இதைத் தின்னுதான் செத்தது. மாதப்பன் உள்ளதானே இருக்கான்? அவன் எப்படி வெச்சிருக்க முடியும்?”

“அவன் உள்ள இருந்தா என்ன, அவன் பொஞ்சாதி வெளியதானே இருக்கா?” என்றான் ரெட்டியின் தம்பி கோபால். முறுக்கு மீசை, முறுக்குப் பேச்சு.

நான் வாயைத் திறந்து ஒரு ஆளைக் காப்பாற்றப் போனேன்; இரண்டாவது ஆளையும் சிக்க வைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் லட்சுமியையும் அந்த ரூமுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அவள் சேலைத் தலைப்பு தரையில் புரண்டது. ஒருவரும் அதைத் தூக்கிக் கொடுக்கவில்லை.

“நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள என்னன்னு வந்து சொல்லுங்க” என்றார் ரெட்டி. “அதுக்கு மேல ஊர் என் பேச்சைக் கேக்காது.”

5. தொப்புளைச் சுற்றி

பாசியைப் பையில் கட்டி ஐஸில் வைத்துக்கொண்டு கிளம்பினோம். ஊர் எல்லை தாண்டியதும் என் மேலுதடு மரத்தது. பிறகு கீழுதடு. விரல் நுனியில் எறும்பு ஊர்ந்தது.

மண் ருசி.

“அஸ்லம், என் உதடு இருக்கான்னு பாரு.”

அஸ்லம் பார்த்தார். வண்டி சாலையை விட்டு இறங்கி ஏறியது. “இருக்கு சாப். ஆனா வெள்ளையா இருக்கு சாப்.”

அந்த நாயின் கண் என் முன்னால் நின்றது. மூச்சுத்தான் கடைசியில் நிற்கும் என்று தெரியும். அதனால் மூச்சை நானே வேண்டுமென்று இழுத்து இழுத்து விட ஆரம்பித்தேன். மறந்துபோனால் நின்றுவிடும் என்று பயம். அப்படி விட்டதில் தலையும் சுற்றியது.

“வீட்ல சொல்லிடு அஸ்லம், காஸ் சிலிண்டர் புக் பண்ணியாச்சுன்னு.”

“சாப், அப்படிச் சொல்லாதீங்க சாப்! கல்மா சொல்லட்டுமா?”

“எனக்கு வேற ஜெபம்ப்பா. நீ ரோட்டைப் பாத்து ஓட்டு.”

ஆனேக்கலில் ஒரு டாக்டரிடம் என்னை இறக்கினார். வயதானவர், காது கொஞ்சம் மந்தம்.

“என்ன சாப்டீங்க?”

“நாய் வாயிலேர்ந்து பிடுங்கினது டாக்டர். அது உதட்ல பட்டுடுச்சு.”

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். விரலில் ஒரு கீறல். “நாய் இப்ப எங்க?”

“செத்துப்போச்சு.”

அவ்வளவுதான். பாசி, நரம்பு, நஞ்சு என்று நான் சொன்ன எதையும் அவர் காதில் வாங்கவில்லை. உளறுவதும் வெறிநாய்க்கடியின் அறிகுறி என்று நினைத்திருப்பார். சட்டையைத் தூக்கச் சொன்னார். அந்தக் காலத்து ஊசி தொப்புளைச் சுற்றித்தான் போடுவார்கள். முதல் ஊசி இறங்கியதும் நான் போட்ட கூச்சலில், என் நுரையீரல் நன்றாகவே வேலை செய்கிறது என்பது எனக்கே உறுதியானது.

உதட்டின் மரமரப்பு வீடு போய்ச் சேர்வதற்குள் போய்விட்டது. அது நஞ்சா, பயமா, வழியில் போட்டுக்கொண்ட கிராம்பு பீடாவா என்று இன்றுவரை தெரியாது. மிச்ச ஊசிகளை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டேன்.

6. இரண்டு எலிகள்

அன்றே லேபில் ஒரு நூலளவு பாசியைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தேன். நீலமும் பச்சையும் கலந்த இழைகள். காலில்லை, வாலில்லை. ஆனால் ஒவ்வொரு இழையும் தானாக வழுக்கி முன்னால் போய், தயங்கி, பின்னால் வந்தது. தேடுவது போல. எத்தனையோ முறை பார்த்த காட்சிதான். அன்றைக்கு மட்டும் லென்ஸிலிருந்து முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

மேடம் குனிந்து பார்த்தார். “இது நடு ஏரி சாம்பிள்ல இருந்துதா?”

“இல்ல மேடம். இது தண்ணியில மிதந்து வளர்றதில்லை, தரையில படர்றது. நாம அடியைக் கலக்காம, கரையை விட்டுத் தள்ளி எடுக்கறோம். நூறு தடவை எடுத்தாலும் இது நம்ம பாட்டில்ல வராது.”

மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார். அவரை நான் வேலை நேரத்தில் உட்கார்ந்து பார்த்ததே அபூர்வம்.

இந்த நஞ்சைக் கண்டுபிடிக்கிற மெஷின் அப்போது எங்களிடம் கிடையாது. இருந்த ஒரே வழி எலி. மறுநாள் காலை டாக்டர் சோமசேகரின் ஆஸ்பத்திரியில் இரண்டு வெள்ளெலிகள். ஒன்றுக்கு நடு ஏரித் தண்ணீர். இன்னொன்றுக்குப் பாசியை நசுக்கி வடிகட்டிய சாறு. இரண்டும் ஊசி வழியாக, ஒரே அளவு.

முதல் எலி கொஞ்சம் கோபப்பட்டு, மூலையில் உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டது. இரண்டாவது எலி நடந்தது. நின்றது. பின்னங்கால் பின்னிக்கொண்டது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும்.

“போச்சு” என்றார் டாக்டர் மெதுவாக.

மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டார். “நடீரி, கிளம்பலாம் ஜெயராஜ். நானும் வரேன்.”

7. பால் சொசைட்டி வாசல்

ஊரே கூடியிருந்தது. மாதப்பனை வெளியே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். கைகள் இரண்டையும் முன்னால் சேர்த்து, அவனுடைய வலைக்கயிற்றாலேயே கட்டியிருந்தார்கள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. லட்சுமி கதவிடுக்கில் தெரிந்தாள்.

கரையிலிருந்து எடுத்த பாசித் துண்டுகளை ஒரு ட்ரேயில் வைத்து, கையுறையோடு நான் பிடித்துக்கொண்டு நின்றேன். மேடம்தான் பேசினார்.

“நாங்க சொன்னது நடு ஏரியைப் பத்தி. அங்க ஒண்ணும் இல்லை. விஷம் இந்தப் பாசியில இருக்கு, இது கரையில ஒதுங்குது. நாங்க கரையில பாக்கலை. இந்த ஆளு எதுவும் வைக்கலை.”

“அன்னிக்கு இல்லைன்னீங்க, இன்னிக்கு இருக்குங்கறீங்க” என்றது ஒரு குரல்.

“எலிக்கு ஊசி போட்டுப் பாத்தோம். செத்துப்போச்சு” என்றேன் நான்.

“எலிக்கு ஊசி போட்டா எலி சாவாம டான்ஸா ஆடும்?”

கூட்டம் சிரித்தது. வேறு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன், நல்ல ஜோக். ஆனால் அந்தச் சிரிப்போடு கூட்டம் மாதப்பனை நோக்கி ஒரு அடி முன்னால் வந்தது. இரண்டு பேர் கையில் தடி.

கோபால் முன்னால் வந்தான். “பாசியாம் பாசி! சின்ன வயசுலேர்ந்து இந்த ஏரியில முங்கி, இந்தத் தண்ணியக் குடிச்சு வளந்தவங்க நாங்க. பொய் சொல்லி இவனைக் காப்பாத்தப் பாக்கறாங்க. இந்தாங்க, நானே தின்னு காட்டறேன். நாளைக்கு நான் உசுரோட நின்னா இவனை என்ன பண்ணலாம்?”

“பிரிச்சு மேஞ்சுடலாம்டா!” என்று யாரோ கத்தினார்கள்.

ட்ரேயிலிருந்து ஒரு பெரிய துண்டை எடுத்தான். என் கையிலிருந்த ட்ரேயிலிருந்து! தட்டிவிட வேண்டும் என்று மூளை சொன்னது; கை கேட்கவில்லை. “பேடா! தின்பேடா! தின்னாதே!” என்று மேடம் கன்னடமும் தமிழுமாக அலறினார். கோபால் சிரித்துக்கொண்டே தலையை அண்ணாந்து, வாயை அகலத் திறந்து, துண்டை மேலே தூக்கினான்.

மாதப்பன் பாய்ந்தான். கட்டிய கைகளை அப்படியே தூக்கிக் கோபாலின் மணிக்கட்டில் ஓங்கி அடித்தான். துண்டு பறந்தது. இருவரும் புழுதியில் விழுந்தார்கள்.

“எங்க ஆளு மேலயே கை வெக்கிறியா!” தடி இறங்கியது. முதுகில், தோளில். மாதப்பன் நகரவில்லை. கோபாலின் மேல் கவிழ்ந்து, கட்டிய கைகளால் அவன் தாடையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தான்.

“துப்புடா! நாக்குல பட்டுதா? துப்பு! யாராச்சும் தண்ணி கொண்டாங்கய்யா! ஏரித் தண்ணி வேணாம், போர் தண்ணி!”

அடி நின்றது. ரெட்டி தடியைப் பிடித்திருந்தார்.

அந்த இடத்தில் எல்லாரும் ஒன்றையேதான் நினைத்துக்கொண்டிருந்தோம் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். மாதப்பன் சும்மா நின்றிருந்தால் போதும். கோபால் தின்றிருப்பான். பிறகு எந்த ரிப்போர்ட்டும் வேண்டியிருக்காது.

ரெட்டி குனிந்து, தன் தம்பி வாயைத் திறந்து பார்த்தார். பிறகு மாதப்பனின் கைக்கட்டைத் தானே அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்ததால் நேரம் பிடித்தது. யாரோ போய் லட்சுமியின் கதவைத் திறந்தார்கள். மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. டீக்கடை அம்மா மட்டும் இரண்டு டீ கொண்டுவந்து அவர்கள் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

அன்றே கரைக்கு முள்வேலி போட்டார்கள். மாடுகளுக்குப் போர் தண்ணீரில் தொட்டி கட்டினார்கள். நாய்களைக் கட்டி வைத்தார்கள். மழை வந்து ஏரி செம்மண் நிறமாகக் கலங்கியது. வாழ்க்கையில் முதல் முறையாகக் கலங்கிய தண்ணீரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்: இனி வெயில் தரைக்குப் போகாது.

வேலி போட்ட அன்று மாதப்பன் முதுகில் டாக்டர் சோமசேகர் மருந்து தடவிக்கொண்டிருந்தார், மாட்டுக்குத் தடவுகிற அதே மருந்து. நான் கேட்டேவிட்டேன்.

“ஏம்ப்பா குறுக்க விழுந்தே? அவன் உன்னைக் கொல்ல நின்னவன்.”

மாதப்பன் திறந்திருந்த ஒரு கண்ணால் என்னைப் பார்த்தான். “ஆள் செத்த ஏரி மீனை எவன் சார் வாங்குவான்?”

லட்சுமி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். “நம்பாதீங்க சார். ராத்திரியெல்லாம் அந்த டைகர் நாய்க்காக அழுதுட்டு இருந்துது இந்த ஆளு.”

இப்போது லேபுகளில் நல்ல மெஷின்கள் வந்துவிட்டன என்று கேள்விப்படுகிறேன். சந்தோஷம். ஆனால் மெஷின் ஏரிக்கு நடந்து போகாது. நீங்கள்தான் போக வேண்டும். போனால் கரையையும் ஒரு சுற்றுச் சுற்றுங்கள், தரையையும் குனிந்து பாருங்கள். கறுப்பாக ஒதுங்கிக் கிடப்பதைக் கையால் தொடாதீர்கள். நாய் அதை மோந்தால் நாயை இழுங்கள். வாய்க்குள் இருப்பதை இழுக்காதீர்கள், தொப்புளைச் சுற்றி வலிக்கும். ‘ஒன்றுமில்லை’ என்று எழுதினால், எந்த இடத்தில் இல்லை, எந்த இடத்தைப் பார்க்கவே இல்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த ஒரு வரியை நாங்கள் எழுதாததால்தான் ஒரு மனிதன் கையில் அவனுடைய கயிறே ஏறியது.